கண்ணுக்கு ஒரு விரல் மேலே

பெங்களூர் காக்ஸ் டவுனில் க்ளெனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லாதவர்கள் குறைவு. மார்க்கெட் போகிற வழியில் தெரிந்தவர் யாராவது நின்று, "என்னப்பா க்ளென், சவுக்கியமா?" என்று கேட்டால், அவருடைய சட்டைப் பித்தானுக்குப் பதில் சொல்வான். "சவுக்கியம்" என்று பித்தானிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். கேட்டவருக்கு எப்படி இருக்கும்? "மனுஷன் நின்னு விசாரிக்கிறேன், முகம் குடுத்துப் பேசறானா பாரு" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அதே பேச்சாக இருக்கும்.

நம் ஜனங்களுக்கு எதைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, முகம் கொடுத்தாக வேண்டும். அதுவும் ஆள் பார்த்துத்தான். ஒரு பெண்பிள்ளை தரையைப் பார்த்து நடந்தால், குனிந்த தலை நிமிராதவள் என்று மெச்சிக்கொள்வார்கள். அதையே நாற்பது தாண்டிய ஓர் ஆண் செய்தால் அவன் ஒன்று கள்ளன், இல்லையென்றால் கர்வி. என்ன நியாயமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

க்ளென் கள்ளனும் இல்லை, கர்வியும் இல்லை. அடுத்தவர் கண்ணைப் பார்த்தால் அவனுக்குக் காது வேலை செய்யாது, அவ்வளவுதான். முகத்தில் டார்ச் அடித்துக்கொண்டே ஒருவர் பேசினால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. ஒன்று பார்க்கலாம், இல்லை கேட்கலாம். இரண்டும் சேர்ந்து அவனால் ஆகாது. சின்ன வயதில் இதை யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "கீழ பாக்கறவன் பொய் சொல்றவன்" என்று அவன் அப்பா தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். நிமிர்த்தினால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அதற்குத் தனியாக ஓர் அடி விழும். வளர்ந்த பிறகு இன்டர்வியூக்களில் தோற்றான். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்னை ஒரு தடவகூடப் பாக்கல, அவருக்கு வேற யாரோ இருக்காங்க போல" என்று அந்தப் பெண் சொல்லியனுப்பினாள். அப்பா போன பிறகு, அம்மா ஜோசஃபினும் அவனும்தான் அந்த வீட்டில் மிச்சம்.

நாற்பது தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர் இதற்குப் பெயர் சொன்னார். ஆஸ்பெர்கர் என்று முன்பு சொல்வார்களாம், இப்போது ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டார்களாம்.

"பேரு நல்லாத்தான் இருக்குது டாக்டர். மருந்து?" என்று ஜோசஃபின் கேட்டாள்.

"மருந்து இல்லம்மா. இது நோய் கிடையாது. உங்க பையன் இப்படித்தான்."

"இதச் சொல்றதுக்குத்தான் வீட்ல நான் இருக்கேனே!"

டாக்டரும் சிரித்துவிட்டார். க்ளென் மேசைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பானஸ்வாடி பக்கம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு வேலை. எந்த அபார்ட்மென்டிலாவது லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், அந்தப் போன் அவனுக்குத்தான் வரும். போனில் க்ளென் வேறு ஆள். போனுக்குக் கண் கிடையாதல்லவா! "கதவத் திறக்கப் பாக்காதீங்க சார். காத்து வரும், பயப்படாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டாரு, நான் லைன்லயே இருக்கேன்" என்று ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் அவன் சொன்னால், உள்ளே அழுதுகொண்டிருக்கிறவர்களும் அடங்கிவிடுவார்கள். கன்னடத்தில் கேட்டால் கன்னடம், இந்தியில் கேட்டால் இந்தி. அப்படிப் பிழைத்தவர்களில் ஓர் அம்மாள் நன்றி சொல்ல ஸ்வீட் பாக்ஸோடு நேரிலேயே வந்துவிட்டாள். க்ளென் ஸ்டேப்ளரைப் பார்த்து "ஓகே" என்றான். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போய் இறங்கிப் போனாள்.

இதையெல்லாம் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சொர்ணம். எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று பார்க்கிற வேலை அவளுக்கு. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீடு ஒக்கலிபுரத்தில். புருஷன் சுந்தரமூர்த்தி பால் வண்டி ஓட்டினார். பிள்ளைகுட்டி இல்லை. வாய்த்துடுக்கு உண்டு, மனசு வெல்லம். ஸ்வீட் கொண்டுவந்த அம்மாள் போனதும் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் க்ளென் சார், பொம்பளைங்களப் பாத்தாத்தான் இப்படியா, இல்ல எல்லாரையும் இப்படித்தானா?"

அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திட்டியிருக்கிறார்கள், கேட்டதில்லை. டார்ச் கதையைச் சொன்னான்.

"கண்ணப் பாக்க முடியலன்னா விட்டுத்தள்ளுங்க. இதோ என் பொட்டு இருக்குதில்ல? அதப் பாத்துப் பேசுங்க. கண்ணுக்கு ஒரு விரல் மேலதான் இருக்குது. எதிர்ல இருக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

பார்த்தான். அரக்கு நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அது முறைக்கவில்லை, எதையும் கேட்கவில்லை, எதையும் எதிர்பார்க்கவில்லை. சும்மா இருந்தது. அவனால் அதைப் பார்த்துக்கொண்டே அவள் பேச்சைக் கேட்கவும் முடிந்தது. பெரியவர்கள் ஆயிரம் சொல்லியும் வராதது, ஒரு ஸ்டிக்கர் பொட்டால் வந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மேசையில். லிஃப்டுக்குள் போனால் ஏன் எல்லோரும் கதவைப் பார்த்தே நிற்கிறார்கள், அதனால் அவனுக்கு ஏன் லிஃப்ட் பிடிக்கும் என்றெல்லாம் அவன் அவளிடம் சொன்னான். வீட்டில் அம்மாவிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. பொட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தால், "லெஃப்ட்ல போயிருக்குது" என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். விஷயம் சுந்தரமூர்த்திக்கும் தெரியும். அவரே சிக்பேட்டையில் பெரிய சைஸ் பொட்டு அட்டையாகப் பார்த்து வாங்கி வந்து, "வெச்சுக்கினு போ. உன் ஃபிரெண்டுக்குத் தூரத்துல இருந்தே தெரியட்டும்" என்று கேலி செய்வாராம். அப்படி ஒரு மனிதர்.

எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். பெங்களூரில் கீரைக்காரியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருமே அக்காதான். க்ளென் மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "நீங்க என் அக்கா இல்லையே" என்பான். அவளும் விட்டுவிட்டாள். உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே துணை அவள்தான். அதை இழந்தால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

பால் வண்டியை நிறுத்தி டீ குடிக்கப் போன சுந்தரமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவா என்ன? ஐம்பதைத் தொடாத வயது. ஆபீஸிலிருந்து எல்லோரும் சாவுக்குப் போனார்கள். மேளச் சத்தம் க்ளெனுக்கு ஆகாது. அதனால் காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவனை அனுப்பலாம் என்று ஜோசஃபின் நினைத்தாள். மூட்டுவலியால் அவளால் சொர்ணத்தின் வீட்டு மாடிப்படி ஏற முடியாது. அதனால் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"'கேள்விப்பட்டதுல இருந்து மனசே சரியில்ல. எது வேணும்னாலும் கூப்பிடுங்க'. இதத்தான் சொல்லணும். லிஃப்டப் பத்திப் பேசாத. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துடு, என்ன?"

வழியெல்லாம் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு போனான்.

ஒக்கலிபுரத்து வீட்டில் அவள் புருஷன் வீட்டு ஆட்கள் நிறைய இருந்தார்கள். சுவரில் மாலையோடு சுந்தரமூர்த்தி. மூலையில் பாய்மேல் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். க்ளென் உட்கார்ந்தான். எப்போதும் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.

ஜோசஃபின் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், இதைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கமே கிடையாது. அப்பா இருந்தபோதும் அவள் நெற்றி வெறும் நெற்றிதான், போன பிறகும் அதே நெற்றிதான். இந்துக்களில் புருஷன் போனால் பொட்டை எடுத்துவிடுவார்கள் என்று க்ளெனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் ஞாபகம் வருவது வேறு. அவன் தலைக்குள் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பேச வேண்டும், பார்க்க இடமில்லை.

"கேள்விப்பட்டதுல இருந்து..." என்று ஆரம்பித்தான். மேலே வரவில்லை. மறுபடி ஆரம்பித்தான். வரவில்லை. கடைசியில் கேட்டேவிட்டான்.

"பொட்டு எங்க?"

சொர்ணம் தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி. அதையெல்லாம் படிக்கத் தெரிந்தவனா அவன்?

"வெச்சுக்குங்க சொர்ணம். எனக்காகத்தானே பெருசா வெச்சுக்குவீங்க? அது இல்லன்னா நான் உங்ககிட்ட எப்படிப் பேசறது?"

சுந்தரமூர்த்தியின் அண்ணன் வெங்கடசாமி எழுந்தார். "இன்னாய்யா சொன்ன?"

என்ன சொன்னாய் என்றுதானே கேட்டார்? க்ளென் சொன்னதை வார்த்தை மாறாமல் இன்னொரு தடவை சொன்னான்.

"பேர் சொல்லி வேற கூப்புடறியா? இவ உனக்கு இன்னா, அக்காவா, தங்கச்சியா?"

"இல்ல."

"பின்ன இன்னா மொறை?"

"மொறை எதுவும் இல்ல. எனக்குன்னு இருக்கற ஒரே ஆளு இவங்கதான்."

யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்கள். அந்த வீட்டில் அதைவிட உண்மையான பேச்சை அன்று யாரும் பேசவில்லை. அதைவிடக் கொடுமையான பேச்சையும் பேசவில்லை. "அவரு அப்படிப்பட்டவரு இல்ல மாமா" என்று சொர்ணம் வாயைத் திறந்தாள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதை ஆனது. "புருஷன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள பரிஞ்சு பேச வந்துட்டா பாரு" என்றாள் யாரோ ஒருத்தி. க்ளெனைக் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டில் தள்ளினார்கள். இந்தப் பொட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே மனிதர் மாலைக்கு நடுவில் இருந்தார். "எவனுக்குடி இத்தினி நாள் பொட்டு வெச்சுக்கினு போன?" என்று வெங்கடசாமி கத்தினது தெரு வரை கேட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். ஜோசஃபின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தவழ்ந்தாவது நான் கூட வந்திருக்கக் கூடாதா!"

"நான் பொய் எதுவும் சொல்லலயே மம்மி."

"அதான்டா, அதான்டா பாவி மகனே" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். பொட்டு என்றால் என்ன, ஒரு விதவையிடம் அன்னிய ஆண் அதைக் கேட்டால் என்ன அர்த்தம், அந்த வீட்டு ஆட்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று. கேட்டு முடித்ததும் க்ளென் எழுந்து போய்க் கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினான். கழுவினதைத் திரும்பவும் கழுவினான். அழத் தெரியாதவனுக்கு வருத்தம் இல்லை என்று யார் சொன்னது? அவன் உடைந்துபோயிருந்தான். கண்ணில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மூட்டுவலியோடு ஆட்டோ பிடித்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறி, ஜோசஃபினே அந்த வீட்டுக்குப் போனாள். என் பிள்ளைக்குப் பிறவியிலேயே இப்படி, கண்ணைப் பார்க்க முடியாது, அதற்குத்தான் அந்தப் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள், வேறொன்றும் இல்லை, உங்கள் காலில் விழுகிறேன் என்றாள். வெங்கடசாமி கெட்டவர் இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர், ஊர் வாய்க்குப் பயந்தவர். "கொறை இருக்கறவனுக்குப் பாக்கறதுக்கு எங்க வூட்டுப் பொம்பள பொட்டுதான் கெடச்சுதாம்மா?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் சொர்ணம் நிற்பது தெரிந்தது. அவளை வெளியே வர விடவில்லை.

ஆபீஸுக்கும் விஷயம் போய்விட்டது. ஹெச்.ஆர். மமதா அவனைக் கூப்பிட்டு, "ஏன்ரீ க்ளென் இது? இனிமே அவங்களுக்கு போன் பேடா, வீட்டுக்கும் போக பேடா. புரிஞ்சுதா?" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னாள். பேடா என்றால் வேண்டாம். புரிந்தது. விதி என்று ஒன்று சொல்லிவிட்டால் க்ளென் அதை மீற மாட்டான். சொர்ணத்தை ஆற்காட்டில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்துவிட்டார்கள் என்று மெக்கானிக்குகள் பேசிக்கொண்டார்கள். எதிர் மேசை காலியாகவே கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஒரு நாள் காலை, ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு தன் சாமான்களை எடுத்துப் போக அவள் வந்தாள். வெங்கடசாமி கீழே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். க்ளென் போனில் இருந்தான். யாரோ ஒரு பெண்மணி லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "நான் லைன்லயே இருக்கேன்" என்று அவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சொர்ணம் டிபன் பாக்ஸையும் நாற்காலி மெத்தையையும் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பாமல், அவன் பேசி முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றாள். கீழே ஹாரன் அடித்தது.

அவன் ஹெட்செட்டைக் கழற்றினான். மேசையைப் பார்த்தான்.

"நான் கேட்டது தப்பு. மம்மி சொன்னாங்க. சாரி சொர்ணம்."

"தெரியும் சார். என்னப் பாருங்க."

"எங்க பாக்கறதுன்னு தெரியல."

"கண்ணப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

"எதுக்கு?"

"சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது. வாயால சொல்ல முடியல."

அவளுக்காகப் பார்த்தான். நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் யாருக்காகவும் செய்யாததைச் செய்தான். காது அடைத்தது. கைவிரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. மெக்கானிக்குகள் பேசுவது, போன் அடிப்பது, ஹாரன், எதுவும் கேட்கவில்லை. இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. அவள் என்னவோ அதில் கொட்டிக்கொண்டிருந்தாள் என்பது வரை அவனுக்குத் தெரிந்தது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லிவைத்த புண்ணியவான், அதைப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

"புரிஞ்சுதா சார்?"

அவனுக்குப் பொய் வராது.

"பாத்தேன். புரியல."

அவள் தலையை ஆட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போனாள். பைக் கிளம்புகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் வந்து நின்றான். பார்த்ததையெல்லாம் மறக்காமல் வைத்திருந்தான். தெரிந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள் என்று நினைத்திருந்தான்.

"மம்மி, ஒருத்தங்க கண்ணு ரெண்டும் செவந்திருக்குது. ஓரத்துல தண்ணி நிக்குது, ஆனா கீழ விழல. கண்ணச் சிமிட்டவே இல்ல. வாய் மட்டும் லேசா சிரிக்கற மாதிரி இருக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

ஜோசஃபின் காய் நறுக்குவதை நிறுத்தினாள். யாருடைய கண் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. புருஷனைப் பிரிந்த ஒருத்தி, இருந்த ஒரே சிநேகிதனையும் பிரிந்து போகிறபோது எப்படிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, உன்னை நான் மறக்க மாட்டேன், நீ நன்றாக இரு என்று அந்தக் கண் சொன்னதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன ஆகும்? இவன் அதை ஆயுசுக்கும் விடமாட்டான். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே என்று பாத்திரத்தைக் கழுவிக் கழுவியே தேய்ந்துபோவான். பெற்றவளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

"தூசுடா" என்றாள். "ரோட்டுல மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கானுங்க இல்ல? பைக்ல வந்திருப்பாங்க. கண்ணுல தூசு விழுந்திருக்கும்."

அம்மா சொன்னால் அவனுக்கு அது உண்மை.

"அப்போ எரிஞ்சிருக்கும் இல்ல மம்மி? வாட்டர் கூலர் என் சீட்டுக்குப் பின்னாடியேதான் இருக்குது. கழுவிக்கறதுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கலாம். எனக்குத் தோணாமப் போச்சு" என்றான்.